பொறுப்பாளர் கட்டம்

பரிசோதனைக்கூடத்தில் அவரை எல்லோரும் டேப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் இருப்பதை நகல் எடுத்துவைக்கும் டேப் ஒழிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது இருப்பது உள்ளங்கை அகல டிஸ்க். ஆனாலும் ஒட்டிக்கொண்ட பெயர் போகவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள்கூட, டேப் என்றால் என்னவென்றே தெரியாமல், டேப்பண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

தினமும் பிற்பகல் நாலு மணிக்கு அவருடைய வேலை. அன்றுவரை வந்த ரத்தம், சிறுநீர், சதைப் பரிசோதனை முடிவுகள் அத்தனையையும் ஒரு டிஸ்க்கில் நகல் எடுப்பார். பச்சை விளக்கு எரியும். டிஸ்க்கின் முதுகில் பொடி எழுத்தில் தேதி எழுதி, கீழ்த்தளத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவார். நோட்டில் ஒரு டிக். இருபத்தொரு வருஷமாக இதேதான். தன் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு எடுத்தபோதுகூட, மாலை கழுத்தில் இருக்க, நாலு மணிக்கு ஆபீசுக்கு ஃபோன் போட்டு "போட்டாச்சா?" என்று கேட்ட ஆசாமி. அவர் மனைவி இதை இன்னமும் சொல்லிக்காட்டுவாள்.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். பரிசோதனைக்கூடங்களுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுப்பாள். அது அவளுடைய அப்பா வீடு. கீழ்வீடு அவளுக்கு, மாடிவீடு தங்கைக்கு. கீழ்வீட்டில் ஒரு பெரிய மேசை உண்டு. வார நாட்களில் அதில் துணி வெட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை துணியை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, அக்கா தங்கை இருவர், சகலைகள் இருவர், நாலு பேரும் அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எட்டு வருஷமாக ஒரு ஞாயிறு தவறியது கிடையாது.

தங்கை புருஷன் அதே பரிசோதனைக்கூடத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜர். அவரை அங்கே சேர்த்துவிட்டதே டேப்பண்ணன்தான். விண்ணப்பத்தைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்து, "நம்ம வீட்டுப் பையன் சார், நல்ல பையன்" என்று ஒவ்வொரு மேசையாக நின்று சொன்னார். வந்தவர் படபடவென்று மேலே போய், நாலே வருஷத்தில் டேப்பண்ணனுக்கே மேலதிகாரி ஆகிவிட்டார். டேப்பண்ணனுக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை. பெருமைதான். அப்படி ஒரு மனிதர்.

ஏழு மாதத்துக்கு முன்னால் பரிசோதனைக்கூடத்தில் மென்பொருளை மாற்றினார்கள். மாற்றியதிலிருந்து டேப்பண்ணனுக்கு ஒரு உறுத்தல். முன்பு நாற்பது நிமிஷம் ஓடிய நகல் இப்போது பதினோரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. பச்சை விளக்கு எரிகிறது, எல்லாம் சரி. ஆனால் உள்ளே உண்மையிலேயே முடிவுகள் இருக்கின்றனவா என்று வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்தால்தானே தெரியும்? அதற்கு ஒரு மிஷின் வேண்டும். மிஷின் கொடுக்க வேண்டியவர் மேனேஜர்.

முதல் தடவை அவர் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டே.

"சகலை, ஒரு பழைய மிஷின் குடுத்தீங்கன்னா போதும். அந்த டிஸ்க்கு ஒண்ண எடுத்துத் திறந்து பாத்துடறேன். ஒரு மணி நேர வேலை."

"பார்க்கலாம் சகலை."

இரண்டாவது தடவை கேட்டது மழைக்காலத்தில். மாடிக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஊறிச் சொட்ட ஆரம்பித்திருந்தது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். "அடுத்த பட்ஜெட்டுல வாங்கிடலாம்" என்றார் மேனேஜர். வாளியைப் பற்றியா மிஷினைப் பற்றியா என்று அக்கா கேட்டுச் சிரித்தாள்.

மூன்றாவது தடவை மீன் சமைத்த அன்று. மேனேஜர் முள்ளெடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

"பச்சை லைட் எரியுதுல்ல?"

"எரியுது. ஆனா லைட்ட நம்பி..."

"எரியுதுன்னா விடுங்க சகலை. சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

தங்கைதான் கலகலவென்று சிரித்தாள். "அத்தானுக்கு டிஸ்க்கத் தவிர வேற நினைப்பே கிடையாது. அக்கா, உன்னையும் தேதி போட்டு பீரோவுல வச்சிருப்பாரு, பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். டேப்பண்ணனும் சிரித்தார்.

அன்று பாத்திரம் கழுவும்போது மனைவி கேட்டாள். "மூணு தடவ சொல்லிட்டீங்க. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே?"

"சகலைக்கே லெட்டர் எழுதுறதா? நல்லாவா இருக்கும்? அதுல ஒரு காப்பி மேலிடத்துக்குப் போகும். அவரப் பத்தி நான் புகார் குடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் உன் தங்கச்சி முகத்துல எப்படி முழிக்கிறது?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குள் இருக்கிற ஆளுக்கு யாராவது கடிதம் போடுவார்களா?

அப்புறம்தான் அந்தப் பயிற்சி வந்தது. கிளைக்கு இரண்டு பேர் ரிஸ்க் மேலாண்மையில் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு. மேனேஜரும் டேப்பண்ணனும் போனார்கள். நாற்காலிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை, ஐந்து நாள் வகுப்பு, ஒரு மாதம் கழித்துப் பரீட்சை. பயிற்சியாளர் நாலு நிறப் பேனா வைத்துக்கொண்டு பலகையில் எழுதித் தள்ளினார். ஒரு ஆபத்து தெரிந்தால் செய்யக்கூடியது நாலே நாலுதான்: தவிர்ப்பது, குறைப்பது, வேறொருவருக்கு மாற்றிவிடுவது, தெரிந்தே ஏற்றுக்கொள்வது. எதைச் செய்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் பொறுப்பாளர் பெயர் இருக்க வேண்டும்.

"டிபார்ட்மென்ட் பேர எழுதாதீங்க. அப்படி எழுதினா யாருமே இல்லன்னு அர்த்தம். ஒரு ஆள் பேர் வேணும். அதுவும் முடிவெடுக்க அதிகாரம் இருக்கற ஆளா இருக்கணும்" என்றார் பயிற்சியாளர். டேப்பண்ணன் இதை இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் பரீட்சைக்குப் படிப்பது லேசு இல்லை. கேள்விகளைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி மனைவியிடம் கொடுத்தார். அவள் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள், அவர் காஜா எடுத்துக்கொண்டே பதில் சொல்வார். பத்து நாளில் அவளுக்கு அவரைவிட நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் காட்டி, "இது நாலுல எது?" என்று கேட்டாள்.

"ஏத்துக்கிட்டது."

"ஏத்துக்கிட்டது நாம. பொறுப்பாளர் மாடியில இருக்காங்க" என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் அதற்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பு இல்லை.

வகுப்பின் மூன்றாம் நாள் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். உங்கள் இடத்தில் உண்மையிலேயே இருக்கிற ஓர் ஆபத்தை எடுத்துப் பதிவேட்டில் நிரப்புங்கள் என்று. டேப்பண்ணனுக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. 'நகல் டிஸ்க்குகள் திறக்குமா என்று சோதிக்கப்படவில்லை' என்று எழுதினார். நடக்க வாய்ப்பு: அதிகம். நடந்தால் பாதிப்பு: மிக அதிகம். செய்யப்போவது என்ன என்ற கட்டத்தில், இப்போதைக்கு ஒன்றும் செய்யவில்லையே, அதனால் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். பொறுப்பாளர் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியில் மேனேஜர்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சகலை, இத எல்லார் முன்னாடியும் படிப்பாங்க. என் பேர போட்டு மானத்த வாங்கிடாதீங்க."

"அப்ப யார் பேர போடறது? ஒரு ஆள் பேர் வேணுங்கறாரே."

"உங்க பேரையே போடுங்க. வகுப்புக்குத்தானே, இது என்ன ஆபீஸ் ரெக்கார்டா?"

அவரும் போட்டார். தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டார். இருபத்தொரு வருஷமாக எதை எழுதினாலும் தேதி போட்டுப் பழகிய கை அது. பயிற்சியாளர் தாளைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். டேப்பண்ணன் அதை மற்றப் பாடங்களோடு நீல ஃபைலில் கோத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வகுப்பு முடிந்து பதினாறாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. யாரும் பதறவில்லை. டேப்பண்ணன்தான் இருக்கிறாரே. அவரும் சாவியை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய், முந்தின நாள் டிஸ்க்கைக் கொண்டுவந்து, அவசரத்துக்கு வரவழைத்த வேறொரு மிஷினில் போட்டார். உள்ளே நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பெயரைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். அதற்கு முந்தின நாள் டிஸ்க்கும் அப்படியே. ஏழு மாத டிஸ்க்கும் அப்படியே. இருநூறு டிஸ்க்குக்கு மேல் மேசையில் பரப்பி வைத்து, மாலை ஐந்து மணிவரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒருவேளை ஒன்றாவது இருக்காதா என்றுதான்.

வெளியே வரவேற்பில் கூட்டம் நெருக்கியது. ஒரு பெண்மணி மார்பில் கட்டிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர். நாலு மாதத்துக்கு முந்தின முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றுவார். "என்னோடது மட்டும் தேடிக் குடுங்க சார்" என்று டேப்பண்ணனிடம் கேட்டார். அவரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மதியம் தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அக்கா, அத்தானோட நீல ஃபைல கொஞ்சம் குடேன். எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் மண்டையில ஏறலையாம். பரீட்சை கிட்ட வந்துடுச்சு."

"இந்த அமர்க்களத்துல படிக்க வேற உக்காந்திருக்காரா?"

"என்ன பண்றது? படிச்சுத்தானே ஆகணும்."

அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு, ஃபைலை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. தலைமையகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். மேனேஜர் ஓரமாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் ஒரு தாளை எடுத்து டேப்பண்ணன் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

"இப்படி ஒரு ஆபத்து இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. பாதிப்பு மிக அதிகம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஏத்துக்கிட்டதா எழுதியிருக்கீங்க. பொறுப்பாளர்னு உங்க பேரையே போட்டிருக்கீங்க. தேதியும் இருக்கு. மேனேஜர்கிட்ட ஏன் சொல்லல?"

"அது வகுப்புப் பாடத்துக்கு எழுதினதும்மா. சொன்னேன், மூணு தடவ சொன்னேன்."

"மெயில் இருக்கா? கடிதம் ஏதாவது?"

"இல்லம்மா. வீட்டுல வச்சு சொன்னேன். சாப்பிடும்போது."

அந்த அம்மாள் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தலையை லேசாக ஆட்டினார். "எனக்கு அப்படி எதுவும் நினைவில்ல மேடம்" என்றார். சகலை என்று சொல்லவில்லை. டேப்பண்ணன் என்றும் சொல்லவில்லை. "இவர் சொல்லியிருந்தா உடனே ஏற்பாடு பண்ணியிருப்பேன்" என்றார்.

டேப்பண்ணனுக்கு வேலை போய்விடும் என்ற பயம்கூட அப்போது வரவில்லை. இவன் இப்படிச் சொல்வானா என்ற ஆச்சரியம்தான் முதலில் வந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக மனசுக்குள் அவரை 'இவன்' என்று நினைத்தார்.

"அப்ப வேற யார் இருந்தாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"என் மனைவி இருந்தா. அவர் மனைவியும் இருந்தாங்க."

"உங்க மனைவி சொல்றத நான் எடுத்துக்க முடியாது. அவர் மனைவி சொன்னா எடுத்துக்கலாம். திங்கக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன் பண்றேன்."

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பற்றிச் சொன்னார். மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"நான்தாங்க எடுத்துக் குடுத்தேன். இந்தக் கையாலதான் எடுத்துக் குடுத்தேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? விடு."

அவள் விடவில்லை. நேராக மாடிக்குப் போனாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேப்பருக்குன்னுதான் ஃபைல கேட்டியாடி?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. படிக்கன்னுதான் கேட்டாரு." தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. "அத்தான் சொன்னத நான் கேட்டேன்தானே. கேலிகூடப் பண்ணினேனே. ஃபோன் வந்தா சொல்லிடறேன்கா. கண்டிப்பா சொல்லிடறேன்."

அக்கா நம்பினாள். சின்ன வயதில் அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் இவள்தான். நம்பாமல் என்ன செய்வாள்?

அந்த ஞாயிறு மாடியிலிருந்து யாரும் சாப்பிட இறங்கவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினார்கள்.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கே அக்கா மாடிக்குப் போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். தைரியத்துக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபோன் வந்தது. அந்த அம்மாளின் குரல் வெளியே கேட்டது.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட உங்க அக்கா வீட்டுக்காரர் இந்த டிஸ்க் விஷயமா வீட்டுல ஏதாவது பேசினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

தங்கை தரையைப் பார்த்தாள். அக்காவின் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"இல்லைங்க. எங்க வீட்டுல சாப்பிடற இடத்துல ஆபீஸ் பேச்சே எடுக்க மாட்டாங்க."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்லைங்க."

தங்கை ஃபோனை வைத்தாள். அப்புறம் சொன்னாள். "அவரு வேலை போயிட்டா நாங்க என்னக்கா பண்றது? அத்தானுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தானே சர்வீசு. உனக்குத் தையல் இருக்கு."

அக்காவுக்கு அடித்துவிடலாம் போல இருந்தது. எழுந்து படியிறங்கி வந்து, பாதியில் நின்ற கோட்டுக்குப் பையைத் தைத்தாள். பையைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தாள். பிரித்துவிட்டு மறுபடியும் தைத்தாள்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. அறிந்தே அலட்சியமாக இருந்ததால் பணியிலிருந்து நீக்கப்படுகிறார் என்று இருந்தது. டேப்பண்ணன் அதை இரண்டு தடவை படித்தார். "வேலைய விட்டு எடுத்தது பரவாயில்ல. 'அறிந்தே'ன்னு எழுதிட்டாங்களே" என்றார். நாலு மணி ஆனதும் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு, யாரும் எதிர்பார்க்கவில்லை, பன்னிரண்டரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்னால் மேனேஜர், பின்னால் தங்கை.

"என்னக்கா, வாசனை மாடிவரைக்கும் வருது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் மேனேஜர். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. ஆபீஸ் வேற, வீடு வேற. அத இதோட போட்டுக் குழப்பக் கூடாது."

"வீடு வேறன்னா, என் வீட்டு ஃபைல் உங்க ஆபீசுக்கு எப்படித் தம்பி போச்சு?" என்றாள் அக்கா.

மேனேஜர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். டேப்பண்ணன் மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கண்ணைக் காட்டினார். சாப்பிட வந்தவர்களை எழுந்து போ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவள் நாலு தட்டு வைத்தாள். நாலிலும் சோறு போட்டாள். கூரையிலிருந்து வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து டேப்பண்ணன் வாயைத் திறந்தார். மனசு கேட்கவில்லை. மார்பில் கட்டி வந்த அந்தப் பெண்மணியின் முகம் இன்னமும் அவரை விடவில்லை.

"புது மிஷின் வந்திருக்காமே. நகல் எடுக்கறாங்களா?"

"எடுக்கறாங்க."

"ஒரு டிஸ்க்க வேற மிஷின்ல போட்டுத் திறந்து பாத்துட்டீங்களா?"

மேனேஜர் சோற்றைப் பிசைந்தார். "பச்சை லைட் எரியுது சகலை."

டேப்பண்ணன் மனைவி எழுந்தாள். துணிமூட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். துணி வெட்டும் அளவுகோலை வைத்து நேர்க்கோடாகக் கட்டங்கள் போட்டாள். பரீட்சை அட்டையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. தேதி எழுதினாள். நேரம் எழுதினாள். இடம் என்று போட்டு, கீழ்வீட்டு மேசை என்று எழுதினாள். டேப்பண்ணன் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினாள். மேனேஜர் சொன்ன பதிலையும் எழுதினாள். பொறுப்பாளர் கட்டத்தில் மேனேஜரின் பெயரை முழுசாக, கொட்டை எழுத்தில் எழுதினாள். அதற்குக் கீழே 'கேட்டவர்கள்' என்று ஒரு வரி போட்டுத் தன் கையெழுத்தை இட்டாள். தாளைத் தங்கை பக்கம் தள்ளி, பேனாவை அதன் மேல் வைத்தாள்.

"அக்கா, சாப்பிடற இடத்துல என்ன இது?"

"சாப்பிடற இடத்துல ஆபீஸ் பேச்சே எடுக்க மாட்டாங்கன்னு சொன்னியே. இப்ப எடுத்தாங்க. நீயும்தான் கேட்ட. கேட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடு. நடந்தத பத்திக் கேக்கல. இன்னைக்கு, இப்ப கேட்டதுக்கு மட்டும் போடு."

தங்கை பேனாவை எடுத்தாள். எடுத்தது என்னவோ உண்மை. தாளின் மேல் குனியக்கூடச் செய்தாள். அப்புறம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் மோரை ஊற்றிக்கொண்டிருந்தார். பேனாவைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"எனக்குச் சரியா காதுல விழலக்கா."

அக்கா தாளை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு தங்கையின் தட்டை எடுத்து, அவள் இன்னும் கை வைக்காத சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டி மூடிவைத்தாள்.